பின்னோக்கி விலகிய தோள்: காலம் தாழ்ந்தால் பெரிதாகும் அறுவை



மொழிக்கென நடைபெறும் இப்பொழிவு வரிசையில் எலும்பு மூட்டுக் காயம் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள், தோள் மூட்டு பின்பக்கமாக விலகுவதும் அதற்குச் செய்யப்படும் அறுவை மருத்துவமும் ஆகும். இக்காயம் அரிதானது. ஆயினும் மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னால் சிறிய சிகிச்சையோடு முடிந்துவிடக் கூடியது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் செயற்கை மூட்டு பொருத்தும் நிலைவரை செல்லக் கூடியது. சொல்லுக்கும் உடல்நலத்துக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருப்பதால், இது மொழி மன்றத்தில் பேசத் தக்க பொருளே என்று கருதுகிறேன்.

தமிழில் அறுவை மருத்துவம் பேசுவது புதுமையும் அன்று. சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் ‘இரண வைத்தியம்’ என்னும் அறுவை மருத்துவ நூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. அவ்வழியைப் பின்பற்றி நானும் இயன்றவரை எளிய தமிழிலேயே பேசுகிறேன்.

தோளின் அமைப்பு

நம் உடலில் உள்ள மூட்டுகளுள் மிக விரிந்த அசைவு உடையது தோள். மேற்கை எலும்பின் மேல்முனை பந்தைப் போல் உருண்டிருக்கிறது. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமற்ற குழி ஒன்றில் அப்பந்து பொருந்துகிறது. இடுப்பு மூட்டில் பந்து ஆழ்ந்த கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கும். தோளிலோ சிறு தட்டு ஒன்றின்மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை நிறுத்தி வைத்தது போன்ற நிலை. எந்த நேரத்திலும் பந்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கரும்பலகையின் உச்சியில் எழுதவும், தலை பின்னவும், முதுகுப்புறம் கை கொண்டுசெல்லவும் நம்மால் முடிவது இவ்வமைப்பினால்தான். இதே அமைப்பினால்தான் தோள் எளிதில் விலகவும் செய்கிறது.

குழியின் ஆழக்குறைவை ஈடுசெய்ய அதன் விளிம்பைச் சுற்றி நார்வளையம் ஒன்று இருக்கிறது. மூட்டைச் சுற்றி உறையும், உறைக்கு வெளியே நான்கு தசைகளும் இருக்கின்றன. நான்கு தசைகளும் பந்தைச் சுற்றிப் பற்றிக் குழியோடு சேர்த்து அணைத்துக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தோள்பட்டை எலும்பில் விலா எலும்புகளை நோக்கிய உட்பரப்பில் தோன்றி, பந்தின் முன்புறத்தில் உள்ள சிறிய எலும்பு மேட்டில் வந்து பதியும் தசை அது. மருத்துவர்கள் அதனைச் சப்ஸ்கேபுலாரிஸ் என்பர்; நாம் இன்று உட்தோள் தசை என்று அழைப்போம். கையை உட்புறமாகத் திருப்புவது அதன் வேலை. பின்னர் நான் விளக்கப்போகும் அறுவையில் இத்தசைக்கே முதன்மையான இடம் உண்டு.

முன்னும் பின்னும்

தோள் விலகிய ஒருவரைக் காற்பந்துத் திடலில் நீங்கள் பார்த்திருக்கக் கூடும். பெரும்பாலும் அது முன்பக்கமாக விலகிய தோளாகவே இருக்கும். தோளின் உருண்டை வடிவம் மாறிவிடும், வலியில் துடிப்பார், பார்ப்பவர் எவருக்கும் ஏதோ இடம் மாறிவிட்டது என்று தெரிந்துவிடும். விலகும் தோள்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 வரைதான் பின்பக்கமாக விலகுகின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓராண்டில் 1 இலட்சம் பேருக்கு 1.1 பேர் என்ற அளவில் இக்காயம் நேர்வதாகக் கணக்கிட்டது.

தோள் பின்பக்கமாக விலகுவதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை. முதலாவது விபத்து. முன்னே நீட்டிய கையை ஊன்றி விழும்போது பந்து பின்னோக்கித் தள்ளப்படுகிறது. சாலை விபத்தில் கைப்பிடியையோ முன்பலகையையோ இறுகப் பற்றிய நிலையில் மோதும்போதும் இவ்வாறே நேர்கிறது. எடின்பரோ ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு விபத்தினால் நேர்ந்தவையே. இரண்டாவது காரணம் வலிப்பு. மூன்றாவது மின்தாக்கு.

வலிப்பில் எவரும் தோளை இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பிறகு எவ்வாறு தோள் விலகுகிறது என்று நீங்கள் கேட்கலாம். கையை உட்புறமாகத் திருப்பும் தசைகள் பல. மார்புத் தசை, முதுகின் அகன்ற தசை, உட்தோள் தசை ஆகியவை அவற்றுள் அடங்கும். கையை வெளிப்புறமாகத் திருப்பும் தசைகளோ சிலவே, வலிமையிலும் குறைந்தவை. நாம் நினைத்துச் செய்யும் அசைவில் ஒரு பக்கத்துத் தசைகள் இறுகினால் மறுபக்கத்துத் தசைகள் தளர்ந்து இடம் கொடுக்கும். வலிப்பிலும் மின்தாக்கிலும் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் முழு வலிமையோடு இறுகுகின்றன. அப்போது வலிய பக்கம் வெல்கிறது. கை உட்புறமாகத் திருகிக்கொள்ள, பந்து பின்னோக்கித் தள்ளப்பட்டுக் குழியின் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. ஒருவருக்கு இரு தோள்களும் ஒரே வேளையில் பின்னோக்கி விலகியிருந்தால், விழுந்த தடம் எதுவும் இல்லாதபோதும், அவருக்கு வலிப்பு வந்திருக்குமோ என்று மருத்துவர் ஐயுறுவார். நீரிழிவு நோயாளிக்கு இரவில் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து வலிப்பு உண்டானாலும் இதே நிலை நேரலாம்.

கண்ணுக்குத் தப்பும் காயம்

இக்காயத்தின் வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இலண்டனில் அறுவை மருத்துவராக விளங்கிய ஆஸ்ட்லி கூப்பர், வலிப்பு நோயாளி ஒருவருக்கு நேர்ந்த பின்விலகலை 1839இல் விளக்கி எழுதினார். பாரிசைச் சேர்ந்த மல்கேய்ன் என்னும் அறுவை மருத்துவர் 1855இல் 37 பேரின் பின்விலகலைத் தொகுத்து வெளியிட்டார். ரோன்ட்கென் ஊடுகதிரைக் கண்டுபிடித்ததோ 1895இல்தான். அஃதாவது எலும்பைப் படம் பிடிக்கும் கருவி தோன்றுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் 37 பேரிடம் இக்காயத்தை அடையாளம் கண்டிருக்கின்றனர்.

ஊடுகதிர் வந்த பிறகு இக்காயத்தைக் கண்டறிவது எளிதாகியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. பின்விலகல்களுள் பாதியளவு, சில தொகுப்புகளில் பாதிக்கும் மேல், முதல் சோதனையில் தவறவிடப்படுகின்றன என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றன. ஆக்கின்ஸ், நீர் முதலியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் 40 நோயாளிகளின் 41 தோள்கள் இடம்பெற்றன. காயம் நேர்ந்த நாளுக்கும் அது கண்டறியப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக ஓராண்டு. ஓராண்டுக் காலம் ஒருவர் இடம் மாறிய எலும்போடு குளித்திருக்கிறார், உடுத்தியிருக்கிறார், வேலைக்குச் சென்றிருக்கிறார்.

இதற்குக் காரணம் நேர்முன்னிருந்து எடுக்கப்படும் படம். பந்து முன்பக்கமாக விலகினால் அது கீழ்நோக்கியும் உள்நோக்கியும் நகர்ந்துவிடுவதால் படத்தில் இடமாற்றம் தெளிவாகத் தெரியும். பின்பக்கமாக விலகினாலோ பந்து குழிக்கு நேர்பின்னே நிற்கிறது. ஒரு தூணுக்குப் பின்னால் ஒருவர் நிற்கும்போது, முன்னிருந்து எடுத்த நிழற்படத்தைப் பார்த்து அவர் தூணைத் தொட்டு நிற்கிறாரா, தள்ளி நிற்கிறாரா என்று கூற முடியுமா? அதுபோன்ற சிக்கல்தான் இதுவும். பழகிய கண்ணுக்குச் சில குறிகள் புலப்படும். கை உட்புறமாகத் திருகியிருப்பதால் பந்தின் வழக்கமான வடிவம் மறைந்து, மின்குமிழைப் போல வட்டமாகத் தோன்றும். ஐயம் தீர வேண்டுமானால் அக்குளின் வழியாகப் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுக்க வேண்டும். வலியால் கையை விரிக்க இயலாதவருக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் இக்காயம் மறைந்திருக்க வழியில்லை.

படத்துக்கு முன்பாகவே நோயாளியின் உடல் உண்மையைச் சொல்லிவிடுகிறது. அவர் கையை வயிற்றின் குறுக்கே அணைத்து வைத்திருப்பார். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் சிறிதும் திரும்பாது. கையை முன்னே நீட்டி, பிச்சை ஏற்பவரைப் போல உள்ளங்கையை மேல்நோக்கிக் காட்டச் சொன்னால் அவரால் முழுமையாகக் காட்ட இயலாது. தோளின் முன்புறம் தட்டையாகவும் பின்புறம் புடைத்தும் இருக்கும். இச்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டுவதில்லை.

சில வாரங்கள் கடந்துவிட்டால் வலி தணிந்துவிடும். கை திரும்பாத குறை மட்டும் எஞ்சும். அப்போது அதனை ‘உறைந்த தோள்’ என்று எண்ணிப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. உறைந்த தோள் மெல்ல மெல்ல இறுகுவது. ஒரே நாளில், ஒரு நிகழ்வுக்குப் பின் கை திரும்பாமல் போனால் அதனை உறைந்த தோள் என்று முடிவுசெய்வதற்கு முன் பின்விலகல் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பந்தில் விழும் பள்ளம்

பின்னோக்கி விலகிய தோள் தானாக ஏன் திரும்பி வருவதில்லை? பந்து விளிம்பைத் தாண்டும்போது அதன் முன்பகுதி, குழியின் கடினமான பின்விளிம்பில் மோதி நசுங்குகிறது. அவ்விடத்தில் பள்ளம் ஒன்று விழுகிறது. பிறகு விளிம்பு அப்பள்ளத்துக்குள் புகுந்து, தாழ்ப்பாள் விழுந்தது போல் பந்தைப் பூட்டிவிடுகிறது. முன்விலகலில் பந்தின் பின்புறம் விழும் பள்ளத்தை ஹில், சாக்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1940இல் விளக்கினர். நாம் பேசும் பள்ளம் அதற்கு எதிர்ப்பக்கத்தில் விழுவதால் ‘எதிர் ஹில்-சாக்ஸ் பள்ளம்’ எனப்படுகிறது.

பூட்டிய நிலையில் கையை அசைக்க முயலும் ஒவ்வொரு முறையும் விளிம்பு பள்ளத்தை மேலும் அரைக்கிறது. மூட்டுக்குள் வழவழப்பான அசைவுக்கு உதவும் குருத்தெலும்பு பயன்பாடின்றி மெலிகிறது. பந்தின் எலும்பு மென்மையாகிறது. வெற்றுக் குழியில் வடுத்திசு நிரம்புகிறது. எனவே, முதல் வாரத்தில் கண்டறிந்த தோளும் ஆறு மாதம் கழித்துக் கண்டறிந்த தோளும் மருத்துவர் கண்ணுக்கு வெவ்வேறு காயங்கள்.

இரண்டு கேள்விகள்

சிகிச்சையைத் தீர்மானிக்கும் கேள்விகள் இரண்டு. பள்ளம் எவ்வளவு பெரியது? தோள் விலகி எவ்வளவு காலம் ஆயிற்று? முதல் கேள்விக்கான விடையைச் சி.டி. ஸ்கேன் தருகிறது. பந்தின் மூட்டுப் பரப்பில் எத்தனை விழுக்காட்டைப் பள்ளம் தின்றிருக்கிறது என்று அளக்கலாம். இரண்டாம் கேள்விக்கான விடையை நோயாளியும் அவருடன் வந்தவரும்தான் தர முடியும். இவற்றோடு நோயாளியின் வயது, எலும்பின் உறுதி, அவர் செய்யும் வேலை, வலிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்பவையும் எண்ணிப் பார்க்கப்படும்.

பள்ளம் கால் பங்குக்கும் குறைவாக இருந்து, விலகி ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் கண்டறியப்பட்டால், கத்தியின்றியே பந்தைத் திருப்பி வைத்துவிட முயலலாம். முழு மயக்கம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்திய பின், கையை மெல்ல இழுத்து, பள்ளத்திலிருந்து விளிம்பை விடுவித்து, பந்தைக் குழிக்குள் நகர்த்துவர். இங்கே வலுவைக் காட்டுதல் ஆகாது. பூட்டு விடுபடுவதற்கு முன் கையை வெளிப்புறமாகத் திருகினால் மேற்கை எலும்பின் கழுத்து முறிந்துவிடக் கூடும்.

பந்து குழிக்குள் அமர்ந்த பிறகு கையை எந்நிலையில் நிறுத்துவது என்பதும் முக்கியம். கழுத்திலிருந்து தொங்கும் சாதாரணத் துணித் தொட்டில் கையை வயிற்றின் குறுக்கே வைக்கும். தோள் விலகக் காரணமான திருக்கமும் அதுவே. ஆகவே முன்கை நேர்முன்னாகவோ சற்றே வெளிப்புறமாகவோ இருக்கும்படி தாங்குபட்டை அணிவித்து, நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்நிலையில் வைப்பர்.

அறுவை முறைகள்

பள்ளம் மூட்டுப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு முதல் பாதி வரை இருந்தால், பந்தைத் திருப்பி வைத்தாலும் கை உட்புறமாகத் திரும்பும்போது விளிம்பு மீண்டும் பள்ளத்துக்குள் விழும். ஆகவே பள்ளத்தை மூட வேண்டும். இதற்கான வழியை 1952இல் வெளியிட்டவர், நியூயார்க் நகரின் அறுவை மருத்துவர் ஹாரிசன் மெக்லாக்லின்.

அவருடைய முறையை எளிமையாகச் சொல்கிறேன். தோளின் முன்புறத்தில், தோள் தசைக்கும் மார்புத் தசைக்கும் இடைப்பட்ட வழியில் மூட்டை அடைகின்றனர். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன உட்தோள் தசையின் நாண், எலும்பு மேட்டிலிருந்து விடுவிக்கப்படுகிறது. மூட்டைத் திறந்து, குழியில் நிரம்பிய வடுவை அகற்றி, பந்தை விளிம்பிலிருந்து மெல்ல நெம்பி எடுத்துக் குழிக்குள் வைக்கின்றனர். பின்னர் அத்தசைநாணைப் பள்ளத்துக்குள்ளேயே தைத்துவிடுகின்றனர். பள்ளம் நிரம்பிவிடுகிறது. அத்துடன் அது மூட்டின் உட்பரப்பிலிருந்து விலக்கப்பட்டு மூட்டுக்கு வெளியே உள்ள இடமாகிவிடுகிறது. விளிம்பு விழுவதற்கு அங்கே வழியில்லை.

இம்முறையைச் சார்லசு நீர் பின்னர் மேம்படுத்தினார். நாணை மட்டும் எடுக்காமல், அது பதிந்திருக்கும் சிறு எலும்பு மேட்டையும் சேர்த்துப் பெயர்த்து, அதனைப் பள்ளத்தில் வைத்துத் திருகாணியால் பொருத்தும் முறை அது. எலும்போடு எலும்பு கூடுவதால் பிடிப்பு உறுதியாகிறது. பள்ளமும் நன்றாக நிரம்புகிறது. ஆயினும் இவ்விரு முறைகளும் உடலின் இயல்பான அமைப்பை மாற்றிவிடுகின்றன. கையை முதுகுப்புறம் கொண்டுசெல்வதில் சிறிது குறை எஞ்சலாம். பிற்காலத்தில் செயற்கை மூட்டு தேவைப்பட்டால், இடம் மாறிய நாண் அவ்வறுவையைக் கடினமாக்கும்.

அதனால் இயல்பான உருண்டையையே மீட்டெடுக்கும் முறைகளும் வளர்ந்தன. காயம் புதியதாயின், நசுங்கிய பரப்பை அடியிலிருந்து உயர்த்தி, அதன் கீழே இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துணுக்குகளை அடைத்துத் தாங்கலாம். காயம் பழையதாயின், கொடையாகப் பெற்ற எலும்பைப் பள்ளத்தின் அளவுக்கு ஏற்பச் செதுக்கிப் பதிக்கலாம். கெர்பர், லாம்பர்ட் என்னும் இரு மருத்துவர்கள் நெடுநாள் பூட்டிய தோள்களுக்கு இவ்வாறு செய்த மருத்துவத்தை 1996இல் வெளியிட்டனர். சிறிய பள்ளங்களுக்கும், பின்விளிம்பின் நார்வளையம் கிழிந்தவர்களுக்கும் இன்று மூட்டு உள்நோக்கிக் கருவியின் வழியே, சிறு துளைகளில், தையல் நங்கூரங்களைக் கொண்டு சீரமைக்கவும் முடிகிறது.

பள்ளம் பாதியைக் கடந்துவிட்டாலோ, பல மாதங்கள் கழிந்து பந்தின் எலும்பு மென்மையாகிவிட்டாலோ, காப்பாற்றுவதற்குப் போதிய பந்து எஞ்சியிருப்பதில்லை. பந்தை நீக்கிவிட்டு உலோகப் பந்து பொருத்துவதே அப்போது வழி. குழியும் தேய்ந்திருந்தால் அதற்கும் செயற்கைப் பரப்பு அமைக்க வேண்டும். முதுமையில் தோளைச் சுற்றிய தசைநாண்களும் சிதைந்திருந்தால், பந்தும் குழியும் இடம் மாறிய தலைகீழ் மூட்டு பொருத்தப்படும். அறுபது வயதுடையவருக்கு இது நல்ல தீர்வாக அமையலாம். முப்பது வயது இளைஞருக்கு அவ்வாறு இல்லை. செயற்கை மூட்டு தேயும், தளரும். அவர் வாழ்நாளில் மறு அறுவைகள் வேண்டியிருக்கும். வலிப்பு நோயுள்ளோருள் இளையோர் பலர் என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தகைய ஒருவருக்கு உரிய காலத்தில் அக்குள் வழிப் படம் ஒன்று எடுக்காமல் விட்டதன் விளைவு பெரியது.

எல்லாருக்கும் அறுவை வேண்டும் என்பதும் இல்லை. வலி குறைந்து, அன்றாட வேலைகளை ஓரளவு செய்துகொள்ளும் முதியவருக்கோ, அறுவையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவருக்கோ, வலிப்பு கட்டுக்கு அடங்காதவருக்கோ, விலகிய தோளை அப்படியே விட்டுப் பயிற்சியால் இயன்ற அளவு பயன்பாட்டைப் பெறச் செய்வதும் ஏற்கத்தக்க மருத்துவமே.

அறுவைக்குப் பின்

அறுவை அரங்கை விட்டு வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆறு வாரம்வரை கை தாங்குபட்டையில் இருக்கும். அதன் பிறகு இயன்முறைப் பயிற்சி தொடங்கும். முதலில் பிறர் உதவியால் அசைவு, பிறகு தானே அசைத்தல், இறுதியில் வலிமைப் பயிற்சி என்று சில மாதங்கள் செல்லும். பந்தின் இரத்த ஓட்டம் குன்றி எலும்பு நலிதல், மூட்டு இறுகுதல், பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் ஆகியவை நேரக்கூடிய கெடுதிகள். இவை நெடுநாள் தவறவிடப்பட்ட தோளில் மிகுதி.

மீண்டும் விலகும் இடரும் உண்டு. எடின்பரோ ஆய்வில், முதல் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 18 விழுக்காட்டுத் தோள்கள் மீண்டும் நிலைகுலைந்தன. நாற்பது வயதுக்கு உட்பட்டோர், வலிப்பினால் விலகியோர், பெரிய பள்ளம் உடையோர் ஆகிய மூன்று வகையினருக்கு இவ்விடர் கூடுதல். எத்துணைத் திறமையாகத் தைத்த நாணும் அடுத்த வலிப்பில் அறுந்துபோகக் கூடும். ஆகவே தோளுக்கு அறுவை செய்பவரும் வலிப்புக்கு மருந்து கொடுப்பவரும் கலந்து பேசியே இந்நோயாளியைக் காக்க வேண்டும். மருந்தைத் தவறாமல் உட்கொள்வதும் தோள் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சொல்ல வேண்டிய சொல்

இனி உங்கள் பங்கிற்கு வருகிறேன். திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து தொண்டு செய்பவரையும் ஒரு கூறாக வைத்தார். இந்நோயில் அந்த நான்காமவர் பெரும்பாலும் வீட்டில் உள்ளவர். சில வேளை ஆசிரியர். சில வேளை மாணவர்.

நம் பேச்சில் ‘சுளுக்கு’ என்பது மிகப் பரந்த சொல். தசைப்பிடிப்பும் சுளுக்கு, நார் கிழிந்ததும் சுளுக்கு, மூட்டு விலகியதும் சுளுக்கு. அச்சொல்லைச் சொன்னவுடன் எண்ணெய் தேய்த்து நீவி விடும் எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. நீவுதல் தசைப்பிடிப்புக்கு இதமாக இருக்கலாம். பூட்டிய தோளை நீவித் திருகினால் பள்ளம் ஆழமாகும், எலும்பும் முறியலாம். விழுந்த பிறகோ, மின்தாக்குக்குப் பிறகோ, வலிப்புக்குப் பிறகோ வந்த தோள் வலியைச் சுளுக்கு என்று சொல்லி வீட்டிலேயே முடித்துவிடாதீர்கள்.

‘கை தூக்க முடியவில்லை’ என்பதும் ‘கை வெளிப்பக்கம் திரும்பவில்லை’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது பத்து நோய்களில் வரும். இரண்டாவது மருத்துவரின் எண்ணத்தை நேராக இக்காயத்தை நோக்கித் திருப்பும். இந்நாட்டில் மாணவர் பலர், தாத்தா பாட்டியுடன் மருந்தகம் சென்று, அவர்கள் தமிழில் சொல்வதை மருத்துவருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்துச் சொல்கின்றனர். அவ்வாறு செல்லும்போது ‘தோள் வலி’ என்று சுருக்கிவிடாதீர்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த அசைவு முடியவில்லை என்னும் மூன்றையும் கேட்டுச் சொல்லுங்கள். பாட்டி இரவில் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார், நாக்கைக் கடித்திருந்தார், படுக்கை நனைந்திருந்தது என்று பேரப்பிள்ளை சொல்லும் செய்தி, எக்கருவியும் காட்டாத காரணத்தை மருத்துவருக்குக் காட்டிவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது ‘வலிப்பு’ என்னும் சொல்லைச் சொல்வதுதான். பல குடும்பங்களில் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. திருமணம் தடைப்படும், வேலை கிடைக்காது, ஊரார் பேசுவர் என்னும் அச்சம் இருக்கிறது. அதனால் ‘குளியலறையில் வழுக்கி விழுந்தான்’ என்று மருத்துவரிடம் சொல்லப்படுகிறது. மருத்துவர் நேர்முன் படம் ஒன்று எடுக்கிறார், முறிவு தென்படவில்லை, வலி மாத்திரையோடு இளைஞன் வீடு திரும்புகிறான். ஒரு சொல் மறைக்கப்பட்டதனால் தோளும் தவறவிடப்படுகிறது. வலிப்புக்கு வேண்டிய மருந்தும் தள்ளிப்போகிறது. வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டத்தில் நேரும் கோளாறு. மருந்தினால் பெரும்பாலோருக்குக் கட்டுப்படுவது. வகுப்பறையில் ஆசிரியர் இச்சொல்லை இயல்பாக, இழிவின்றிச் சொல்லப் பழகினால், மாணவரும் அவ்வாறே பழகுவர். அப்பழக்கம் பின்னொரு நாள் ஒரு வீட்டில் உண்மையைச் சொல்லத் துணிவு தரும்.

பள்ளியில் ஒரு மாணவருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்போ சாவியோ திணிக்க வேண்டா. கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டா. இறுகும் தசையை எதிர்த்துப் பிடிப்பதாலேயே மூட்டுக்குக் கேடு வரலாம். சுற்றியுள்ள நாற்காலி மேசைகளை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மெத்தென்ற ஒன்றை வையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடங்கியதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தும் அடங்காவிட்டால் உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். மாணவர் தெளிந்த பிறகு தோள் வலிக்கிறதா என்று கேளுங்கள். வலி இருந்தால், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையைத் தானாகவே வெளிப்பக்கம் மெல்லத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பிடித்துத் திருப்ப வேண்டா. திரும்பவில்லை என்றால், மருத்துவமனைக்கு அனுப்பும்போது அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

மெக்லாக்லின் வகுத்த அறுவையும் அவருக்குப் பின் வந்தோர் கண்ட முறைகளும் மருத்துவ உலகின் அரிய ஆக்கங்கள். அவற்றைக் கற்றுச் செய்வது எங்கள் கடமை. எனினும் ஒரு தோளுக்கு மயக்க ஊசியும் மெல்லிய இழுப்பும் போதுமா, உலோகப் பந்து வேண்டுமா என்பது பெரும்பாலும் நோயாளி அறுவை மருத்துவரிடம் வந்து சேரும் முன்பே முடிவாகிவிடுகிறது. அம்முடிவில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லவே இன்று வந்தேன்.